துரையின் பேரப்பிள்ளைகள்

ஆட்டுக்குட்டியின் வாய்க்குள் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்தால் போதும், பிழைக்குமா பிழைக்காதா என்று பாதி தெரிந்துவிடும். நல்ல குட்டி பிறந்த அரைமணி நேரத்துக்குள் விரலைக் கவ்வி, நாக்கை அடியில் மடித்து, விட மாட்டேன் என்று இழுக்கும். இது இழுக்கவில்லை. என் விரல் அதன் வாயில் சும்மா கிடந்தது. டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஒரு விரற்கடை குட்டை, கிளி மூக்கு மாதிரி மேல்வாய் முன்னால் தொங்குகிறது. சீம்பாலைப் புட்டியில் எடுத்து ஊட்டினோம். கடைவாயில் வழிந்து கழுத்து மயிரெல்லாம் ஒட்டிப்போனதே தவிர உள்ளே போனது கொஞ்சம்தான். விடியற்காலை நான்கு மணிக்கு அக்கா அதை ஒரு பழைய துண்டில் சுற்றி வெளியே கொண்டுபோனாள்.

2017 நவம்பர். பினாங்கை மழையும் காற்றும் வெள்ளமும் ஒரே இரவில் புரட்டிப் போட்ட அந்த வாரம். மாமாவின் ஆட்டுக்கொட்டாய் மேட்டில் இருந்ததால் தண்ணீர் ஏறவில்லை, ஆனால் அந்த வாரமும் அடுத்த வாரமும் சேர்த்து ஒன்பது குட்டிகள் போயின. தாடை குட்டையான அந்த ஒன்றை விட்டுவிட்டால் மற்ற எட்டும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்தன. சளி பிடித்தது, இரண்டு நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன, மூன்றாம் நாள் படுத்துவிட்டன. குளிர், ஈரம், என்ன செய்வது என்று எல்லாரும் சொன்னோம். பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் வைத்திருந்த ஆடுகளும் அதே மழையில்தான் நனைந்தன, அவருக்கு ஒன்றுதான் போனது என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை.

ஆட்களைச் சொல்லிவிடுகிறேன். மாமா என் அம்மாவின் கடைசித் தம்பி. அக்கா என் பெரியம்மாவின் மகள். இருவரும் கணவன் மனைவி, அதாவது மாமா தன் மூத்த அக்காவின் மகளையே கட்டிக்கொண்டவர். இது பின்னால் வேண்டியிருக்கும். இடம் நிபோங் திபாலைத் தாண்டி, செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, பழைய தோட்டத்துத் தொழிலாளர்களின் லயங்கள், வரிசை வீடுகள், இருந்த பக்கம். நான் பினாங்குத் தீவில், பாயான் லெப்பாஸில் ஷிப்ட் வேலை பார்க்கிறவன். ஓய்வு நாள் வந்தால் இரண்டாவது பாலத்தில் மோட்டாரை விட்டு பத்து காவானில் இறங்கி நேரே கொட்டாய்க்குப் போய்விடுவேன். ஆடு எனக்குப் பொழுதுபோக்கு, மாமாவுக்குப் பிழைப்பு.

துரை 2011-இல் குட்டியாக வந்தான். நெற்றியிலிருந்து குளம்பு வரை ஒரு வெள்ளை மயிர் கிடையாது. வளர்ந்த பிறகு, காலையில் கொட்டாயைத் திறந்துவிட்டால் முதல் வேலையாக எல்லாப் பெட்டையையும் ஒருமுறை மோந்து பார்த்துச் சுற்றி வருவான், அந்தக் காலத்துத் தோட்டத் துரை மரம் மரமாகப் பார்த்துக்கொண்டு வருவதுபோல. அதனால் அந்தப் பெயர். கிடாய் நாற்றம் என்றால் அப்படி ஒரு நாற்றம், சட்டையில் பட்டால் இரண்டு தோய்ப்புக்குப் போகாது, ஆனால் ஆள் அழகன்.

இந்தக் கருப்பில்தான் கதை இருக்கிறது. முனியாண்டிக்கும் மதுரை வீரனுக்கும் பூசை போடுகிறவர்கள் கருங்கிடாய் கேட்பார்கள், காது நுனியில் ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தாலும் வேண்டாம் என்பார்கள். முழுக் கருப்புக்குக் கூடுதல் விலை கிடைக்கும். ஆக மாமா என்ன செய்தார், செவலையும் புள்ளியும் போட்டதை எல்லாம் தீபாவளிக்கு இறைச்சிக்குத் தள்ளினார், கருப்புக் கிடாய்க்குட்டிகளைக் கோயிலுக்குக் கொடுத்தார், கருப்புப் பெட்டைகளை மட்டும் நிறுத்திக்கொண்டார். கொட்டாயில் கருப்பாக நிற்கும் ஒவ்வொரு பெட்டையும் துரையின் மகள். இரண்டு கிடாய் வைத்தால் தினமும் முட்டல், வேலி உடையும், அதனால் துரை ஒருவனே போதும் என்றார். வியாபாரமாகப் பார்த்தால் ஒவ்வொரு முடிவும் சரியானதுதான்.

மாமா பழைய மண்டோர், தோட்டத்துக் கங்காணி. செக்ரோல், அதாவது ஆள்பேர்ப் பதிவேடு எழுதிய கை, ஆட்டுக்கும் நோட்டு வைத்திருந்தார். வெள்ளம் வடிந்த பிறகு ஒருநாள் அதை வாங்கிப் புரட்டினேன். 2013-இல் பக்கம் பக்கமாக இரட்டைக்குட்டி, நடுவில் ஒன்றிரண்டு மூன்றுகுட்டி. 2015-இல் ஒற்றைக்குட்டிகள் கூடுகின்றன. 2016-இல் "சினை நிக்கல", "மறுபடி விட்டது" என்று பென்சிலில் குறிப்புகள். ஓரத்தில் அவ்வப்போது காரணமும் எழுதியிருந்தார்: புண்ணாக்கு மாற்றினோம். வெயில் ஜாஸ்தி. ஒரு இடத்தில் "கண்ணு" என்று மட்டும், அதற்குப் பிறகுதான் கொட்டாய் வாசலில் எலுமிச்சையும் மிளகாயும் தொங்க ஆரம்பித்தன.

எனக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரைக் கெஞ்சி அழைத்துப்போனேன். அவர் தீனியைப் பார்த்தார், கண் இமையைப் புரட்டிப் பார்த்தார், சாணியைப் பார்த்தார். பிறகு கேட்டார், "செத்த குட்டிக்கு அப்பா யாரு?" மாமா துரையைக் கை காட்டினார். "தாய்க்கு அப்பா?" மறுபடி துரை. "தாயோட தாய்க்கு?" மாமாவின் கை பாதி தூரம் எழுந்தது, அப்படியே நின்றது.

உள்ளினச்சேர்க்கை என்று புத்தகத்தில் எழுதுவார்கள், சொந்தத்துக்குள்ளேயே சேருவது. அதனால் வரும் நலிவுக்கு உள்ளினச்சேர்க்கைத் தளர்ச்சி என்று பெயர். எனக்கு இந்தத் தளர்ச்சி என்ற சொல் பிடித்திருக்கிறது, ஏனென்றால் அது அப்படித்தான் வருகிறது. இரண்டு தலைக் கன்று, ஐந்து கால் குட்டி என்று நாம் பயப்படுவது ஒன்று. நடப்பது வேறு. ஒரு குட்டி குறைவாகப் போடும். பால் ஒரு புட்டி குறையும். பருவம் ஒரு மாதம் தள்ளிப்போகும். காய்ச்சல் வந்தால் எழுந்திருக்க இரண்டு நாள் கூட ஆகும். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்கு இருக்கிறது, மழை, தீனி, கண். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க நோட்டு வேண்டும், நோட்டு இருந்தும் மாமாவுக்கு நான்கு வருஷம் ஆனது.

உள்ளே என்ன நடக்கிறது என்றால், ஒவ்வொரு மரபணுவும் உடம்பில் இரண்டு பிரதியாக இருக்கிறது, அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. தோட்டத்தில் ஒரே கணக்கை இரண்டு பேரேட்டில் எழுதி வைத்ததுபோல வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஒரு பக்கத்தைக் கரையான் அரித்திருந்தால் மற்றதைப் பார்த்துச் சம்பளம் போட்டுவிடலாம், வேலை நிற்காது. நம் எல்லாரிடமும், எல்லா ஆட்டிடமும், இப்படி அரிக்கப்பட்ட பக்கங்கள் சில இருக்கின்றன. நல்ல பிரதி மறைத்துக்கொள்வதால் வெளியே தெரியாது, தெரியாததால்தான் தலைமுறை தலைமுறையாக அழியாமலும் இருக்கின்றன. துரையிடமும் இருந்தன, ஆனால் துரையைப் பார்த்தால் குறை சொல்ல முடியுமா? அவனுடைய மகள் அவனிடமிருந்து ஒரு பிரதி வாங்கிக்கொண்டாள். அவளோடு அவனே சேர்ந்தால், பிறக்கும் குட்டிக்குப் பல பக்கங்களில் இரண்டு பேரேடும் ஒரே மூலத்திலிருந்து எடுத்த படியாகிவிடலாம். கரையான் அரித்த அதே பக்கம் இரண்டிலும்.

இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது, அமெரிக்க மரபியலாளர் சீவல் ரைட் 1922-இல் வகுத்துக் கொடுத்தது. ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையின் ஒரே பிரதியிலிருந்து வந்திருக்க எத்தனை வாய்ப்பு என்று பார்ப்பது. அத்தை மகன் மாமன் மகள் கல்யாணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு 6.25 சதவீதம். தாய்மாமனும் அக்கா மகளும் என்றால் 12.5. அப்பனும் மகளும் என்றால் 25. அந்தத் தாடைக் குட்டிக்கு நோட்டை வைத்துப் போட்டுப் பார்த்தேன், அதன் தாய் துரையின் மகள், தாயின் தாயும் துரையின் மகள், 37.5 வந்தது. தேக்கடையில் உட்கார்ந்து ரசீதின் பின்பக்கம் போட்ட கணக்கு. இரண்டு தரம் போட்டேன்.

இந்த விஷயம் உயிர்க்காட்சிச் சாலைகளுக்கே தாமதமாகத்தான் உறைத்தது என்பது மாமாவுக்கு ஓர் ஆறுதல். 1979-இல் வாஷிங்டன் தேசிய உயிர்க்காட்சிச் சாலையைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மானும் மறிமானுமாகக் குளம்புள்ள 16 இனங்களின் பிறப்பு இறப்புப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். 15 இனங்களில் சொந்தத்துக்குள் பிறந்த குட்டிகள்தான் அதிகம் செத்திருந்தன. அதுவரை குட்டி செத்தால் தாய் சரியில்லை, கூண்டு சரியில்லை என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள், மாமாவின் ஓரக் குறிப்புகள் மாதிரியே. அதற்குப் பிறகுதான் உயிர்க்காட்சிச் சாலைகள் குலவழிப் பதிவேட்டைப் பார்த்து ஜோடி சேர்ப்பதும், ஒன்றுக்கொன்று விலங்குகளை மாற்றிக்கொள்வதும் தீவிரமானது.

ஆட்டுக்காரன் என்பதால் எனக்கு மிகவும் நெருக்கமான கதை ஆல்ப்ஸ் மலையின் ஐபெக்ஸ். அதுவும் ஆட்டுச் சாதிதான், பின்பக்கம் வளைந்த பெரிய கொம்பு. வேட்டையாடி வேட்டையாடி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தாலியின் கிரான் பாரடீசோ மலையில் மட்டும், அதுவும் நூறு அளவுக்கே மிஞ்சின. பின்னாளில் இத்தாலிய அரசரானவர் அதைத் தன் வேட்டைக்காடாக்கிக் காவல் போட்டார். சுவிட்சர்லாந்து விலைக்குக் கேட்டும் கிடைக்கவில்லை, சரி என்று 1906-இல் குட்டிகளைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிக் கடத்திக் கொண்டுபோய் வளர்த்தார்கள்! இன்று ஆல்ப்ஸ் முழுக்கப் பல பத்தாயிரம் ஐபெக்ஸ் திரிகின்றன, பாதுகாப்புக்கு இதைவிடப் பெரிய வெற்றி சொல்ல முடியாது. ஆனால் அத்தனையும் அந்தக் கையளவு ஆடுகளின் வாரிசு. எங்கே உள்ளினச்சேர்க்கை கூடுதலோ அங்கே மந்தை மெதுவாகத்தான் பெருகுகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எண்ணிக்கை திரும்பி வந்துவிடும். இழந்த வகைகள் வராது.

உயிரியலில் ஒரு விலங்கின் தகுதி என்று சொல்வது கொம்பையோ உடம்பையோ பார்த்து இல்லை, அது விட்டுப்போகும் வாரிசுகளில் எத்தனை வளர்ந்து தாங்களும் ஈனுகின்றன என்பதைப் பார்த்து. அந்தக் கணக்கில் மாமாவின் கொட்டாய் 2013-இலிருந்தே கீழே போய்க்கொண்டிருந்தது, வெள்ளம் வந்த வாரத்தில்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இதுவும் புதிதில்லை. கனடாவின் மேற்குக் கரையில் மாண்டார்ட்டே என்று ஒரு குட்டித் தீவு, அதில் பாடும் சிட்டுக்குருவிகளை ஒவ்வொன்றாக வளையம் மாட்டி, யார் மகன் யார் மகள் என்று பல வருஷமாக எழுதி வைத்திருந்தார்கள். 1989-இல் கடும் குளிர்காலம் ஒன்றில் பெரும்பாலான குருவிகள் செத்துப்போயின. பிழைத்தவை யார் என்று குலவழியைப் பார்த்தால், சொந்தத்துக்குள் பிறந்தவை அதிகம் அடிபட்டிருந்தன. நல்ல காலத்தில் எல்லாக் குருவியும் ஒன்றுபோலத்தான் பறந்தன. குளிர் வந்து பிரித்துக் காட்டியது. இதைப் படித்தபோது எனக்கு அந்த எட்டுக் குட்டிகள் ஞாபகம் வந்தன.

மாமா லேசில் ஒத்துக்கொள்கிற ஆள் இல்லை. நானே ஓர் ஆயுதத்தை அவர் கையில் கொடுத்துவிட்டேன், இங்கிலாந்தின் சில்லிங்ஹாம் மாடுகளைப் பற்றிச் சொல்லி. முந்நூறு வருஷத்துக்கு மேலாக வேலிக்குள், வெளி ரத்தமே கலக்காமல் இருக்கும் வெள்ளை மாடுகள். 1947-இன் கொடிய பனிக்காலத்தில் 13 மாடுதான் மிஞ்சின, அதிலிருந்து திரும்பவும் பெருகிவிட்டன. மரபணுவைப் பார்த்தால் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. "பாத்தியா? அதுக்கு மட்டும் எப்படிடா?" என்றார் மாமா. கேள்வி சரிதான். மிக மோசமான பிரதிகள் இரட்டையாக வந்த குட்டிகள் செத்துச் செத்தே அந்தப் பிரதிகள் மந்தையிலிருந்து கழிந்துபோவது உண்டு. ஆனால் அப்படிக் கழிவதற்கு எத்தனை குட்டி சாக வேண்டும், அதற்குள் மந்தையே தீர்ந்துவிடாதா? தீர்ந்துபோன மந்தைகளைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போவதில்லை, சில்லிங்ஹாமுக்குத்தான் போகிறார்கள். இதை மாமாவிடம் வேறு மாதிரி சொன்னேன், "லாட்டரி விழுந்தவன் வீட்டைப் பாத்து நாம கடன் வாங்க முடியுமா மாமா?"

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, புல் வெட்டும் மெஷினை நிறுத்திவிட்டு, "அப்ப நானும் உங்க அக்காவும்?" என்றார்.

இது வரும் என்று தெரியும், எப்போது வரும் என்றுதான் தெரியாது. அக்கா அந்தப் பக்கம் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தவள் தண்ணீரை மூடினாள்.

நம் ஆட்களுக்கு இது புதிதா என்ன, தாய்மாமனுக்குத்தான் முதல் உரிமை, சீர் கொண்டுவருகிறவனே மாப்பிள்ளையாகவும் வந்துவிடுவான். மலேசியச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் அத்தையையோ மாமனையோ உடன்பிறந்தாரின் பிள்ளைகளையோ கட்டக்கூடாது என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, இந்து ஒருவர் தன் வழக்கப்படி அக்கா தங்கை மகளைக் கட்டுவதை இது தடுக்காது என்று ஒரு வரி சேர்த்திருக்கிறது. நான் மாமாவிடம் எண்ணை மட்டும் சொன்னேன், துரைக்கும் மகளுக்கும் 25, உங்களுக்குப் பாதி, ஒரு தலைமுறையோடு நின்றால் பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறப்பார்கள், ஆபத்து கூடும், கட்டாயம் இல்லை. அதே வீட்டுக்குள் மறுபடி மறுபடி கட்டிக்கொண்டே போனால்தான் துரையின் கொட்டாய். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள், இருவரும் நன்றாக இருக்கிறார்கள், பையன் என்னைவிட உயரம்.

அன்றைக்குச் சாயங்காலம் அடுப்படியில் தே ஆற்றிக்கொண்டே அக்கா கேட்டாள், "நடுவுல ஒண்ணு போச்சே, அது இதனாலயா?" இருபது வருஷத்துக்கு முன் பிறந்து ஆறு நாள் இருந்த குழந்தை, நான் அதைப் பார்த்ததுகூட இல்லை. சொல்ல முடியாதுக்கா என்றேன். உண்மையிலேயே சொல்ல முடியாது, ஒரு மந்தையைப் பார்த்துச் சொல்லலாம், ஒரு குழந்தையைக் காட்டி இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது, அசலில் கட்டியவர்களுக்கும் குழந்தை தவறியிருக்கிறது. டார்வினுக்கே இந்தக் கேள்வி இருந்தது. 1839-இல் மாமன் மகள் எம்மாவைக் கட்டிக்கொண்டவர், பத்துப் பிள்ளைகளில் மூன்று சின்ன வயதிலேயே போயின. 1871-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் இப்படிக் கட்டியவர்களைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டும் என்று முயன்றார், நாடாளுமன்றம் மறுத்துவிட்டது. பிறகு செடிகளை வைத்துப் பதினோரு வருஷம் சோதனை செய்து 1876-இல் புத்தகமாகப் போட்டார். தன் மகரந்தத்தாலேயே சூல் கொண்ட செடிகளின் வாரிசுகள் குட்டையாக, நோஞ்சானாக வந்தன. இதை எல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை. தேயைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

கிடாய் மாற்றுவது எப்படி முடிவானது என்றால், அறிவியலால் இல்லை. மாமாவின் அப்பா, என் தாத்தா, மூன்று வருஷத்துக்கு மேல் ஒரு கிடாயை வைக்க மாட்டாராம். பக்கத்துத் தோட்டத்து ஆளிடம் கொடுத்துவிட்டு அவருடையதை ஓட்டிக்கொண்டு வருவார். "ரத்தம் மாத்தணும்" என்பாராம். எதற்கு என்று யாரும் கேட்டதில்லை. இதை மாமாவே ஒருநாள் ஞாபகம் வந்து சொன்னார், சொல்லிவிட்டு அவரே நெற்றியில் அடித்துக்கொண்டார். அப்போது தோட்டத்துக்குத் தோட்டம் ஆடு இருந்தது, திருவிழாவில் பார்த்துப் பேசி மாற்றிக்கொண்டார்கள். பிறகு ரப்பரை அழித்துச் செம்பனை வந்தது, ஆட்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள், ஆடு வைத்திருந்தவர்களில் மிஞ்சியவர் ஆங்காங்கே ஒருவர், ஒருவருக்கொருவர் தெரியாது. காட்டைத் துண்டு போட்டதும் லயத்தைத் துண்டு போட்டதும் ஒரே காலம்தான்.

கெடா மாநிலத்தில், சுங்கை பட்டாணிப் பக்கம் பழைய தோட்டத்து அண்ணன் ஒருவர் செவலை ஆடுகள் வைத்திருந்தார். 2018 பிப்ரவரியில் துரையை லோரியில் ஏற்றி அங்கே விட்டுவிட்டு அவருடைய செவலைக் கிடாயைக் கொண்டுவந்தோம். மாமாவுக்குக் கண் கலங்கியது, லோரிப் புகை என்றார். இதில் எனக்கு வியப்பு என்னவென்றால், நம் கொட்டாயில் வினையாக இருந்த அதே துரை அங்கே போனதும் மருந்து. அந்த மந்தைக்கு அவன்தான் புது ரத்தம். இன்னொன்று, தாய் எவ்வளவு சொந்தத்துக்குள் பிறந்திருந்தாலும் கிடாய் சொந்தமில்லாத அசல் என்றால் குட்டியின் கணக்கு ஒரே ஈற்றில் சுழியத்துக்கு வந்துவிடும். அந்த வருஷம் ஆகஸ்டில் ஈன்ற முதல் பெட்டைக்கு இரட்டைக்குட்டி. அக்கா விரலை வாயில் விட்டுப் பார்த்து "ஆ" என்று கையை உதறினாள். ஒன்று செவலை, ஒன்று கருப்பில் வெள்ளை வால். மாமா நிறத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார், முனியாண்டிக்கு ஆகாது.

ஆனால் ஒரு கிடாயோடு முடிவதில்லை. அமெரிக்காவில் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் தீவு, அங்கே ஓநாய்க் கூட்டம் ஒன்று சொந்தத்துக்குள்ளேயே சேர்ந்து முதுகெலும்புக் கோளாறோடு வாழ்ந்துகொண்டிருந்தது. 1997-இல் ஏரி உறைந்தபோது வெளியிலிருந்து ஒரே ஓர் ஆண் ஓநாய் பனி மேல் நடந்து வந்து சேர்ந்தது. முதலில் வரப்பிரசாதம். பிறகு பார்த்தால் தீவு முழுக்க அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான், அதுவே தன் மகளோடும் சேர்ந்தது. 2016-இல் இரண்டே ஓநாய் மிச்சம், அப்பாவும் மகளும், இருவருக்கும் தாய் ஒன்றே. ஓநாய்த் துரை! கடைசியில் 2018-இலிருந்து மனிதர்கள்தான் வெளியிலிருந்து ஓநாய்களைப் பிடித்துக் கொண்டுபோய் விட வேண்டியிருந்தது. புளோரிடாவின் சிறுத்தை போன்ற பூமாக்களுக்கு 1995-இலேயே இதைச் செய்தார்கள். வால் முறுக்கி, இதயத்தில் ஓட்டையோடு இருபது முப்பதாகச் சுருங்கியிருந்தவை, டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூமாக்கள் வந்த பிறகு மும்மடங்கு ஆயின.

நம் ஊரில் இப்படி லோரியில் ஏற்றி மாற்ற எதுவும் மிஞ்சுமா என்றுதான் தோன்றுகிறது. மலாயாப் புலி காட்டில் 150-க்கும் குறைவு. சுமத்ராக் காண்டாமிருகம் மலேசியாவில் 2019-இல் முடிந்தது, மே மாதம் தாம் என்ற ஆண், நவம்பரில் இமான் என்ற பெண், இரண்டும் சபாவில். எல்லாவற்றையும் உள்ளினச்சேர்க்கை தலையில் போடக்கூடாது. வேட்டையும் காடழிப்பும்தான் முதல் குற்றவாளிகள், இமானுக்குக் கர்ப்பப்பையில் கட்டி, துணையே கிடைக்காமல் வருஷக்கணக்கில் இருக்கும் காண்டாமிருகப் பெண்களுக்கு வருவது. ஆனால் 2021-இல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, நம் தீபகற்பத்தில் இருந்த கூட்டத்தில் அழியும் காலத்தை ஒட்டிச் சொந்தத்துக்குள் சேருவது கூடியிருந்ததைக் காட்டியது. தேடித் தேடி வேறு ஆள் கிடைக்காத நிலை.

தெலுக் பஹாங் போனால் அண்ணாந்து பாருங்கள். சாலைக்கு மேலே, பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னிச் செய்த பாலம் ஒன்று, 2019-இல் கட்டியது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகளுக்காக. காரில் அடிபட்டுச் சாகாமல் இருக்கத்தான் முதலில், ஆனால் இந்தப் பக்கத்து ஆண் அந்தப் பக்கம் போக வழி கிடைத்தால் எனக்கு அதுவும் லோரிதான். ஒருநாள் பிள்ளைகளை அழைத்துப்போய் ஒரு மணி நேரம் நின்றேன், ஒரு குரங்கும் வரவில்லை, ஆளுக்கொரு செண்டோல் குடித்துவிட்டு வந்தோம்.

செவலையை 2020 மார்ச்சில் மாற்றுவதாகப் பேச்சு. அவன் மகள்கள் பருவத்துக்கு வந்துவிட்டார்கள். 18-ஆம் தேதி கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது, மாநில எல்லை மூடியாகிவிட்டது. மூடா ஆற்றுக்கு அந்தப் பக்கம் கெடா, இந்தப் பக்கம் நாம். மாமா செவலையைத் தனி அடைப்பில் போட்டுப் பலகை வேலி அடித்தார். மூன்று மாதம் ராத்திரி முழுக்கக் கத்தினான், பலகையை முட்டி முட்டி ஒரு கொம்பு பிளந்தது. "பாவம்டா, ஒரு தடவைதானே" என்று மாமா போனில் கேட்பார். நான் இருபத்தைந்து என்பேன். வைத்துவிடுவார்.

ஜூனில் எல்லை திறந்த முதல் சனிக்கிழமை கிளம்பிவிட்டோம். துரை முந்தின வருஷமே போய்விட்டிருந்தான், கிழட்டு வயசு, அண்ணன் போனில் சொல்லியிருந்தார். கொட்டாயில் நான்கு கிடாய்களை நிறுத்தி வைத்திருந்தார், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள் என்று. வேறு ஆளிடம் வாங்கிய செவலை இரண்டு, வெள்ளை ஒன்று. மாமா அவற்றைத் திரும்பியும் பார்க்கவில்லை. நேரே கடைசியில் நின்ற நான்காவதிடம் போனார். நெற்றியிலிருந்து குளம்பு வரை கருப்பு, ஒரு வெள்ளை மயிர் கிடையாது.

"இது யாரு மகன்?" என்றார்.

"யாரு மகனா? உங்க துரை மகன்தான்" என்றார் அண்ணன் பெருமையாக.

மாமா என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"சரி, சரி, தெரியும்" என்றார். கையை மட்டும் அதன் முதுகிலிருந்து எடுக்கவில்லை.